மாலை போட்டால் நிற்கிற சிகரெட், கழற்றியதும் ஏன் திரும்புகிறது? அப்பாவுக்காக நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்த வழிகள்

என் மகனுக்கு மூன்று வயது நிறைவதற்குள் நான்கு முறை நெபுலைசர் வைத்தாயிற்று. நான்காவது முறை குழந்தை மருத்துவர் மருந்துச் சீட்டை எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “வீட்டில் யார் புகைபிடிக்கிறார்கள்?” நான் தயங்கினேன். “என் அப்பா. ஆனால் மொட்டை மாடிக்குப் போய்த்தான் குடிப்பார், டாக்டர். வீட்டுக்குள் பற்றவைக்கவே மாட்டார்” என்றேன். “கீழே இறங்கி வந்ததும் பேரனைத் தூக்குவாரா?” என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. தூக்குவார். இறங்கி வந்ததும் முதல் வேலையே அதுதான்.

அப்பாவுக்கு அப்போது 61 வயது. அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு இரவு வண்டி ஓட்டிய காலத்தில் தூக்கத்தை விரட்டத் தொடங்கிய சிகரெட், வண்டியை விட்டு இறங்கிய பிறகும் அவரை விடவில்லை. ஒரு நாளைக்குப் பதினைந்துக்குக் குறையாது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அண்ணனுக்கு 36 வயது, இரண்டு பெண் குழந்தைகள். அவன் அலுவலக வாசலில் நண்பர்களோடு நான்கைந்து சிகரெட் பிடிப்பான். வீட்டில் தொடவே மாட்டான். ஒரே குடும்பத்தில் இரண்டு அப்பாக்கள், ஒரே பழக்கம். இருவருக்கும் ஒரே வழி பொருந்தும் என்றுதான் நாங்களும் முதலில் நினைத்தோம். அது தவறு என்று புரிந்துகொள்ளச் சில மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் படித்ததையும், மருத்துவரிடம் கேட்டதையும், வீட்டில் நடந்ததையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஓர் அப்பாவோ மாமனாரோ கணவரோ மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தால் இது பயன்படலாம்.

மாடியை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் பல வீடுகளில் அதையே ஒரு தீர்வாக எண்ணி நிறுத்திக்கொள்கிறார்கள். “உள்ளே வேண்டாம், வெளியே போய்க் குடியுங்கள்” என்ற ஒப்பந்தம் எங்கள் வீட்டிலும் இருந்தது. புகை சட்டையில், தலைமுடியில், விரல்களில், மூச்சில் தங்கி உள்ளே வருகிறது. அமெரிக்காவின் சான் டியாகோவில் கைக்குழந்தைகள் உள்ள வீடுகளில் நடந்த ஓர் ஆய்வு 2004-இல் வெளியானது. பெற்றோர் வெளியே சென்று மட்டும் புகைக்கும் வீடுகளில்கூட, புகைப்பவரே இல்லாத வீடுகளைவிட ஐந்து முதல் ஏழு மடங்கு வரை நிகோட்டின் மாசு இருந்ததாக அது சொன்னது. உள்ளேயே புகைக்கும் வீடுகளைவிட அது குறைவுதான். ஆகவே வெளியே போவதில் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தரையில் தவழ்ந்து, சோபாவை நக்கி, தாத்தாவின் சட்டையில் முகம் புதைத்துத் தூங்கும் குழந்தைக்கு அந்த “குறைவு” போதாது. குழந்தையின் மூச்சுக்குழாய் சிறியது. பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுகிறது. பிறர் புகையால் குழந்தைகளுக்கு மூச்சிரைப்பு, நிமோனியா, காதுத் தொற்று ஆகியவை கூடுகின்றன. பச்சிளம் குழந்தை தூக்கத்திலேயே இறந்துபோகும் ஆபத்தும் கூடுகிறது.

மனைவிமாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1981-இல் ஜப்பானைச் சேர்ந்த ஹிராயாமா என்ற மருத்துவ ஆய்வாளர், புகைப்பழக்கமே இல்லாத 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனைவிகளைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துக் கிடைத்த முடிவை வெளியிட்டார். கணவர் எவ்வளவு அதிகம் புகைத்தாரோ அவ்வளவு அதிகமாக மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வந்திருந்தது. இதைப் படித்த இரவு நான் அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை ஆண்டுகளாக அப்பாவின் போர்வையைப் பகிர்ந்துகொண்டவள் அவள்.

இனி வழிகள். அதற்கு முன், எங்கள் வீட்டில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பா ஒன்பது ஆண்டுகளாக ஐயப்பனுக்கு மாலை போடுகிறார். கார்த்திகை முதல் தேதி மாலை ஏறினால் சிகரெட் நின்றுவிடும். ஒன்றுகூடக் கிடையாது. முதல் வாரம் கை நடுங்கும், எரிச்சல் வரும், தூக்கம் கெடும். எல்லாவற்றையும் விரதத்தின் பகுதியாக எடுத்துக்கொண்டு கடந்துவிடுவார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே பெட்டிக்கடையில் தொங்கும் கயிற்றுத் தீயில் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பார். ஒன்பது முறை இது நடந்திருக்கிறது. “உங்களால் விட முடியும் என்று நீங்களே நிரூபித்துவிட்டீர்களே, அப்புறம் ஏன்?” என்று அம்மா ஒவ்வோர் ஆண்டும் அழுவாள். அப்பாவும் ஒவ்வோர் ஆண்டும் தலைகுனிந்து நிற்பார்.

இந்தக் கேள்விக்கு விடை கிடைத்ததும் மற்ற எல்லா வழிகளையும் எடைபோட எனக்கு ஒரு தராசு கிடைத்துவிட்டது. நிகோட்டின் உடலில் நெடுநேரம் தங்குவதில்லை. சுமார் இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதனால்தான் அடிக்கடி கை பாக்கெட்டைத் தேடுகிறது. நிறுத்தினால் வரும் எரிச்சலும் நடுக்கமும் முதல் சில நாட்களில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிந்துவிடும். ஆக, விரதம் முடியும் 41-ஆம் நாளில் அப்பாவின் உடல் அந்தப் போராட்டத்தை ஏற்கெனவே கடந்திருந்தது. அவரைத் திரும்ப இழுத்தது வேறு. மாலை போட்டிருக்கும்போது ஊரே அவரைச் சாமி என்று அழைக்கிறது. அப்பாவே கேட்டாலும் டீக்கடைக்காரர் சிகரெட் கொடுக்க மாட்டார். அவருக்குத் தொடங்கும் தேதி இருக்கிறது, உடன் வரும் கூட்டம் இருக்கிறது, யாரும் திட்டுவதில்லை. மாலை கழன்றதும் அத்தனையும் ஒரே நாளில் கழன்றுவிடுகிறது. விரதத்தில் இருக்கும் தேதியும் துணையும் மரியாதையும் மருந்துக்கடையில் கிடைக்காது. விரதத்துக்குப் பிந்தைய நாளுக்கான ஏற்பாடு விரதத்தில் இல்லை. எந்த வழியை எடுத்தாலும் இந்த இரண்டும் சேருமா என்றுதான் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். நோன்பு மாதம் முழுவதும் பகலில் புகைக்காமல் இருந்துவிட்டுப் பெருநாளுக்குப் பிறகு பழையபடி தொடங்கும் பக்கத்து வீட்டு மாமாவுக்கும் இது பொருந்தும்.

முதல் கேள்வி: சட்டென்று நிறுத்துவதா, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதா? அப்பாவுக்குக் குறைப்பதில்தான் ஆசை. “பதினைந்தைப் பத்தாக்குகிறேன், பத்தை ஐந்தாக்குகிறேன்” என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இதே கேள்வியை வைத்து இங்கிலாந்தில் சுமார் 700 பேரிடம் ஓர் ஆய்வு நடந்து 2016-இல் வெளியாகியிருக்கிறது. ஒரு பாதிப் பேர் குறித்த தேதியில் ஒரேயடியாக நிறுத்தினார்கள். மறுபாதி இரண்டு வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். இரு தரப்புக்கும் ஆலோசனையும், சிகரெட்டுக்குப் பதிலாகப் புகையின்றி நிகோட்டின் தரும் மாற்று மருந்தும் கொடுக்கப்பட்டன. நான்கு வாரம் கழித்து, ஒரேயடியாக நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 49 பேர் புகைக்காமல் இருந்தார்கள். குறைத்தவர்களில் 39 பேர். ஆறு மாதத்தில் அது 22-ம் 15.5-ம் ஆனது. வேறுபாடு பெரிதில்லை என்று தோன்றலாம். ஆனால் குறைக்கும்போது மிஞ்சுகிற ஒவ்வொரு சிகரெட்டும் முன்பைவிட ருசியாகிவிடும் என்று அப்பாவே பிறகு சொன்னார்.

குறைத்து, குறைத்த இடத்திலேயே தங்கிவிடுவது இன்னும் மோசம். நாளுக்கு ஒன்று பிடித்தால் இருபது பிடிப்பவரின் ஆபத்தில் இருபதில் ஒரு பங்குதானே வரும் என்று மனக்கணக்கு போடுகிறோம். இதயத்தைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு பொய். பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை, நாளுக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவருக்குக்கூட, இருபது பிடிப்பவருக்குக் கூடும் இதய நோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி கூடிவிடுகிறது என்று காட்டியது. “நான் நான்குதானே” என்ற அண்ணனுக்கு இதைத்தான் அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் அவனே அழைத்தான்.

எந்த வழி யாருக்கு என்பதற்கு மருத்துவர் ஒரு கேள்வியை வைத்தார். இத்தனை ஆண்டுகளில் எங்களில் யாரும் கேட்காத கேள்வி அது: “காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்?” இரவு முழுவதும் நிகோட்டின் இல்லாமல் இருந்த உடல் எவ்வளவு அவசரப்படுகிறது என்பதை இது காட்டிவிடும். அப்பா பல் துலக்குவதற்கு முன்பே பிடிப்பார். அண்ணனுக்கு முதல் சிகரெட் காலை பதினொன்றரைக்கு, அதுவும் யாராவது கூப்பிட்டால். முப்பது நிமிடத்துக்குள் பற்றவைப்பவர் உடலளவில் நிகோட்டினுக்குக் கட்டுப்பட்டவர். அவரிடம் மனஉறுதியைப் பற்றி மட்டும் பேசுவது கொடுமை. பதினொன்றரை மணிக்காரருக்குச் சூழலை மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும். உங்கள் வீட்டில் திட்டுவதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டுமென்றால் இதைக் கேளுங்கள்.

அண்ணன் மருந்தே இல்லாமல் நிறுத்தினான். தேநீர் நேரத்தை மாற்றிக்கொண்டான், வாசல் நண்பர்களிடம் வெளிப்படையாகச் சொன்னான். ஆசை எழும்போது மூன்று முதல் ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தால் அது தானே இறங்கிவிடும் என்பதை நம்பினான். அவனுக்கு அது போதுமாயிருந்தது. ஆனால் அவனைக் காட்டி, “அவன் விட்டுவிட்டான், உங்களால் முடியாதா?” என்று அப்பாவிடம் கேட்பது நியாயமே இல்லை. எந்த உதவியும் இல்லாமல் நிறுத்த முயல்பவர்களில் ஆறு மாதமோ ஓராண்டோ தாண்டுபவர்கள் ஒரு முயற்சிக்கு நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான். மீதிப் பேர் சோம்பேறிகளும் அல்ல, குடும்பத்தை நேசிக்காதவர்களும் அல்ல.

அப்பாவுக்கு எங்கள் முன் இருந்தவை நிகோட்டின் கம், தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை, மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை. “சிகரெட்டில் இருக்கும் அதே விஷத்தைக் கம்மில் கொடுப்பதா?” என்று அம்மா கேட்டாள். நல்ல கேள்வி. அடிமையாக்குவது நிகோட்டின், ஆனால் கொல்வது பெரும்பாலும் புகையில் வரும் தார், கார்பன் மோனாக்சைடு முதலிய ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்கள். கம் நிகோட்டினைச் சிறு அளவில், மெதுவாக, புகை இல்லாமல் கொடுக்கிறது. பேரனின் மூச்சுக்குள் எதுவும் போவதில்லை. இந்த மாற்று மருந்துகள் வெற்றி வாய்ப்பை ஒன்றரை மடங்குக்குக் கொண்டுபோகின்றன. பட்டையையும் கம்மையும் சேர்த்துப் பயன்படுத்துபவர்களுக்குப் பலன் இன்னும் கூடுதல். பட்டை நாள் முழுதும் அடித்தளமாக நிற்கும். திடீர் ஆசைக்குக் கம். பட்டை எங்கள் ஊரில் எல்லா மருந்துக்கடையிலும் கிடைப்பதில்லை, விலையும் அதிகம். கம் தெருமுனைக் கடையிலேயே இருக்கிறது.

ஆனால் கம்மைப் பற்றி யாரும் சொல்லித் தராத ஒன்று இருக்கிறது. அதனால்தான் “கம் போட்டுப் பார்த்தேன், வேலை செய்யவில்லை” என்று பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அப்பாவும் முதல் நாள் சாதாரணச் சூயிங்கம் போல மென்று தள்ளினார். தொண்டை எரிந்து, விக்கல் எடுத்து, குமட்டியது. அதை அப்படி மெல்லக் கூடாது. காரமோ சுரீரென்ற உணர்வோ வரும்வரை மெதுவாகச் சில தடவை மென்றுவிட்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே வெற்றிலையை ஒதுக்கிக்கொள்வது போல ஒதுக்கி வைக்க வேண்டும். உணர்வு அடங்கியதும் மறுபடி சில தடவை மென்று மறுபக்கம் ஒதுக்க வேண்டும். இப்படி அரை மணி நேரம். நிகோட்டின் கன்னத்தின் உட்தோல் வழியாகத்தான் இரத்தத்தில் சேர்கிறது. எச்சிலோடு விழுங்கினால் வயிற்றில் வீணாகி எரிச்சல்தான் மிஞ்சும். காபி, எலுமிச்சைச் சாறு, சோடா போன்றவை வாயில் புளிப்புத்தன்மையை ஏற்றி அந்த உறிஞ்சலைக் கெடுத்துவிடும் என்பதால், கம் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து அவற்றைத் தவிர்க்க வேண்டும். கடையில் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என இரண்டு அளவுகள் உண்டு. எழுந்த அரை மணிக்குள் புகைப்பவருக்கு 4. இரண்டு மூன்று மாதம் பயன்படுத்திப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கழற்றி மாட்டும் பல் செட் இருப்பவர்களுக்குக் கம் ஒட்டிக்கொள்ளும். அவர்கள் வாயில் வைத்துக் கரைக்கும் நிகோட்டின் மாத்திரையைக் கேட்டு வாங்கலாம். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

மருத்துவர் எழுதும் மாத்திரைகளில் வாரெனிக்ளின் வலிமையானது. மூளையில் நிகோட்டின் போய் உட்காரும் இடத்தில் இது உட்கார்ந்துகொள்வதால், ஆசையும் தணியும். மீறிப் பிடித்தாலும் சிகரெட் ருசிக்காது. நிறுத்தும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி, பொதுவாக 12 வாரம் சாப்பிட வேண்டும். குமட்டலும் விசித்திரமான கனவுகளும் சிலருக்கு வரும். இன்னொன்று புப்ரோபியான், வலிப்பு நோய் இருந்தவர்களுக்கு அது ஆகாது. கம்மில் ஏற்கெனவே தோற்றுப்போனவருக்கும், நாளுக்கு இரண்டு பாக்கெட் பிடிப்பவருக்கும் முதலிலேயே மாத்திரையைக் கேளுங்கள் என்பேன். அப்பா ஏற்கெனவே இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை விழுங்குகிறார். இன்னொன்றைச் சேர்க்க அவர் மனம் ஒப்பவில்லை. அவர் ஏற்காத மருந்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அலமாரியில்தான் இருக்கும். கம் என்று முடிவானது.

அண்ணனின் நண்பர்கள் மின்சிகரெட்டைப் பரிந்துரைத்தார்கள். பிரிட்டனில் புகையை விடுவதற்கு அதை ஒரு வழியாகவே மருத்துவர்கள் அனுமதிக்கிறார்கள். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் விற்பதும் குற்றம். இங்கே மறைவாக விற்கப்படுவதில் என்ன இருக்கிறது என்று சோதிக்க ஆளில்லை. வீட்டில் சிறுபிள்ளைகள் இருக்கும்போது நான் அதை ஒரு வழியாகவே எண்ணவில்லை. அதேபோல், சிகரெட்டை விட்டுவிட்டுப் பான் மசாலாவோ வாயில் அடக்கும் புகையிலையோ போடுவது நிறுத்தியதாகாது. அது நுரையீரலிலிருந்து வாய்க்குப் புற்றுநோயை இடம் மாற்றுவது. பில்டரில்லாத பீடி “இயற்கை இலை” என்று சொல்லி அதற்கு மாறுபவர்களும் இருக்கிறார்கள். பீடியில் புகையிலை குறைவாக இருந்தாலும், அணையாமலிருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிடக் கூடுதலாகவே உள்ளே போகின்றன.

மருந்து உடலைப் பார்த்துக்கொள்ளும். விரதத்தில் இருந்த கூட்டத்துக்கு ஈடாக என்ன செய்வது? இங்கேதான் எனக்கு மனம் வலித்தது. புகையை விட உதவும் தொலைபேசி எண் ஒன்று ஆண்டுக்கணக்காக அப்பாவின் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது. 2018 செப்டம்பரிலிருந்து இந்தியாவில் விற்கும் சிகரெட் பாக்கெட்டுகளில் எச்சரிக்கைப் படத்தோடு 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண் அச்சிடப்படுகிறது. 2016-இல் டெல்லியில் தொடங்கிய தேசியப் புகையிலை மீட்பு உதவி எண் அது. பிறகு பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உள்ளிட்ட மையங்களுக்கும் விரிந்து, தமிழிலும் பேச வழி செய்தது. சில்லறையாக ஒன்று இரண்டு என்று வாங்குபவர்கள் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. நேரில் பேச விரும்புபவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் புகையிலை மீட்பு மையம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். 2002-இல் நாடெங்கும் முதலில் தொடங்கப்பட்ட 13 மையங்களில் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனமும் ஒன்று. அப்பா நேரில் போகக் கூச்சப்பட்டார். தொலைபேசியில் முகம் தெரியாது என்பதால் பேசினார். கதவைச் சாத்திக்கொண்டு அவர் பேசிய அந்த இருபது நிமிடமும் அம்மா சமையலறையில் பாத்திரச் சத்தம் வராமல் பார்த்துக்கொண்டாள்.

இனி, குடும்பத்தார் எப்படிச் சொல்வது என்பதில் நாங்கள் செய்த தவறுகள். இவற்றை நான் மறைக்க விரும்பவில்லை. பல ஆண்டுகள் அம்மா சண்டை போட்டாள். விளைவு: அப்பா ஒளிந்து பிடித்தார், ஏலக்காய் மென்றுகொண்டு வந்தார். ஒளிக்கும் பழக்கத்துக்கு உதவி கேட்க முடியாது. அதைவிடப் பெரிய தவறு என்னுடையது. என் மகன் பிறந்த பதினோராம் நாள், குழந்தையின் தலைமேல் அப்பாவின் கையை வைத்து, “இவன்மேல் சத்தியமாக இனிமேல் தொட மாட்டேன் என்று சொல்லுங்கள்” என்றேன். சொன்னார். ஐந்தாம் நாள் உடைந்தது. அதன் பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் வந்த ஒவ்வொரு முறையும் தன் சத்தியம்தான் காரணம் என்று நினைத்து, அந்த வேதனை தாளாமல் இன்னும் இரண்டு சிகரெட் பிடித்திருக்கிறார். இதை அவர் என்னிடம் சொன்னது மூன்று ஆண்டுகள் கழித்து. தயவுசெய்து யாரும் பிள்ளையின் தலையில் சத்தியம் வாங்காதீர்கள். பிள்ளைகளைத் தூது அனுப்பி, “தாத்தா, நாற்றமடிக்கிறது, கிட்டே வராதே” என்று சொல்லவைப்பதும் வேண்டாம். அந்தச் சொல் குத்தும். குத்துப்பட்டவர் பெட்டிக்கடைக்குத்தான் போவார்.

சத்தியத்துக்குப் பதிலாகத் தேதி கேட்டோம். மருத்துவர் சொன்னதை நான் ஒரு வார்த்தையும் கூட்டாமல் அப்பாவிடம் சொன்னேன். பிறகு, “அப்பா, உங்களுக்கு எந்த நாள் தோதுப்படும்? அதுவரை நான் எதுவும் பேச மாட்டேன். அந்த நாளிலிருந்து நான் என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்” என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். “காலையில் எழுந்ததும் என்னைத் தனியாக விடாதீர்கள் அம்மா, அந்த முதல் அரை மணிதான்” என்றார். இத்தனை ஆண்டுகளில் அவர் எங்களிடம் கேட்ட முதல் உதவி அது.

வைகாசியில் ஒரு வியாழக்கிழமை. முந்தின இரவு சாம்பல் கிண்ணத்தையும் தீப்பெட்டிகளையும் அவரே குப்பையில் போட்டார். திரைச்சீலைகளையும் போர்வைகளையும் அம்மா துவைத்தாள். டீக்கடைக்காரரிடம் அப்பாவே போய், “மாலை போட்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு வந்தார். காலை ஐந்தரைக்கு என் கணவர் அவரோடு நடக்கப் போனார். மாதம் எவ்வளவு மிச்சம் என்று அண்ணன் கணக்குப் போட்டுக் கொடுத்தான்: ஒன்று 18 ரூபாய் என்றால் பதினைந்துக்கு 270, மாதம் 8,100. கம்முக்குச் செலவானது போக மீதியை அம்மா ஒரு டப்பாவில் போட்டாள். முதல் வாரம் அப்பா மூன்று முறை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். மலச்சிக்கலும் இருமலும் வந்தன. நிறுத்தியும் இருமுகிறதே என்று பயந்தார். நுரையீரல் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது சிலருக்கு அப்படி வரும் என்று தொலைபேசி ஆலோசகர் விளக்கினார். முன்பே தெரிந்திருந்தால் நாங்களும் பயந்திருக்க மாட்டோம்.

“இந்த வயதில் விட்டு என்ன ஆகப்போகிறது?” என்ற கேள்வியும் ஒரு நாள் வந்தது. ரிச்சர்ட் டால் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஐம்பது ஆண்டுகள் பிரிட்டன் மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்து 2004-இல் சொன்ன கணக்கை எடுத்துக் காட்டினேன். தொடர்ந்து புகைப்பவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாக இறக்கிறார்கள். 60 வயதில் விட்டவர்களுக்கு அதில் மூன்று ஆண்டுகள் திரும்பக் கிடைக்கின்றன. 50-இல் விட்டால் ஆறு, 40-இல் ஒன்பது, 30-இல் ஏறக்குறைய பத்தும். அப்பா மூன்றைக் கையில் எண்ணிப் பார்த்தார். “மூன்று வருடம் என்றால் இவன் மூன்றாம் வகுப்பு போவதைப் பார்ப்பதற்குப் பதில் ஆறாம் வகுப்பு போவதைப் பார்க்கலாம்” என்றார்.

நான்காம் மாதம் சறுக்கினார். நெருங்கிய நண்பர் ஒருவரின் துஷ்டி வீட்டில், பழைய ஓட்டுநர்கள் எல்லாரும் கூடிய இடத்தில், யாரோ நீட்டியதை வாங்கிவிட்டார். இரண்டு பிடித்திருக்கிறார். வழக்கமாக இதுதான் எங்கள் வீட்டில் எல்லாம் முடியும் இடம். இந்த முறை அவரே வாசலில் நின்று, “இன்றைக்குப் பிடித்துவிட்டேன்” என்று சொன்னார். அம்மா வாயைத் திறப்பதற்கு முன் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “சரி அப்பா, குளித்துவிட்டு வாருங்கள், காலையில் நடக்கப் போகலாம்” என்றேன். அவ்வளவுதான். மறுநாள் கம் டப்பா மறுபடி சட்டைப் பைக்குள் போனது. பெரும்பாலானோர் பல முறை முயன்ற பிறகுதான் நிரந்தரமாக விடுகிறார்கள் என்று ஆலோசகர் எங்களிடம் முன்பே சொல்லிவைத்திருந்தது அன்று கைகொடுத்தது.

கார்த்திகையில் பத்தாவது முறையாக மாலை போட்டார். இந்த முறை அவர் எதையும் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. எனக்கு மட்டும் மாலை கழற்றும் நாளை நினைத்துப் பயமாக இருந்தது. அன்று அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தான். மாலையைக் கழற்றிச் சாமி படத்துக்கு முன் வைத்துவிட்டு, வழக்கம்போல அப்பா செருப்பை மாட்டினார். யாரும் எங்கே என்று கேட்கவில்லை. என் மகன் மட்டும் பின்னாலேயே ஓடினான். அரை மணி கழித்துத் திரும்பி வந்தார்கள், பிள்ளை அவர் தோளில். அவன் கையில் பெட்டிக்கடை முறுக்கு. அப்பா சட்டை முழுவதும் முறுக்குத் தூள்.